அடிபட்ட விலங்கின் வேதனையை எப்படி முடிப்பது? டர்பனில் நம் முன் உள்ள வழிகள்

டர்பனில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். சாட்ஸ்வொர்த்தில் ஹிகின்சன் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு நாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். மின்கம்பியில் அடிபட்ட வெர்வெட் குரங்கு வேலியடியில் கிடக்கும். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டச் சாலையில், இருட்டில், ஒரு மாட்டின் மேல் பக்கி எனும் சிறு சரக்கு வண்டி மோதியிருக்கும். தீபாவளி இரவு, நவம்பர் 5இல் பட்டாசு வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவு, புத்தாண்டு இரவு என்றால் கேட்கவே வேண்டாம். பட்டாசுக்கு மிரண்டு மதில் தாண்டி ஓடிய நாய்கள் விடிவதற்குள் சாலையோரம் கிடக்கும்.

சுற்றி நிற்பவர்களில் சிலர், "பாவம், எதையாவது கொடுத்து முடிச்சிடுங்க" என்பார்கள். சிலர், "நம்ம கையால வேண்டாம் தம்பி, சாமி பார்த்துக்கும்" என்பார்கள். இரண்டு பேச்சுமே இரக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் எதைக் கொடுப்பது, அது உள்ளே போனபின் அந்த உடம்புக்கு என்ன ஆகும், சாமி எடுத்துக்கொள்ள எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நம் முன் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இதை எழுதுகிறேன்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த நிமிடத்திலிருந்து அந்த விலங்கு நினைவிழக்க எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை அது எதை உணரும்? உயிர் எப்போது போகிறது என்பது அடுத்த கேள்விதான். நினைவு போன பிறகு இதயம் இன்னும் ஐந்து நிமிடம் துடித்தாலும் அந்த உயிருக்கு வலி இல்லை. நினைவோடு ஐந்து நிமிடம் மூச்சுக்குத் திணறினால் அந்த ஐந்து நிமிடமும் நரகம். செலவு, வசதி, நம் மனச் சங்கடம் எல்லாம் இதற்குப் பிறகு வைத்துப் பார்க்க வேண்டியவை.

முதலில், சாகத்தான் வேண்டுமா?

பார்க்கக் கோரமாக இருக்கும் காயமெல்லாம் உயிரை எடுக்கும் காயம் ஆகாது. இடுப்பெலும்பு உடைந்த நாய் எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கும், அலறும். ஆனால் இடுப்பு முறிவுகளில் பல, சில வாரங்கள் சிறிய இடத்தில் அடைத்துவைத்து ஓய்வு கொடுத்தாலே கூடிவிடுகின்றன. ஒரு காலை எடுத்துவிட்டாலும் நாயும் பூனையும் மூன்று காலில் நன்றாகவே ஓடியாடி வாழும். நமக்குத்தான் அதைப் பார்க்கச் சங்கடமே தவிர, அவற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பறவைகள் இன்னும் நம்மை ஏமாற்றும். கண்ணாடி ஜன்னலில் மோதிய புறாவோ ஹடீடா என்ற அரிவாள்மூக்கனோ செத்ததுபோல் கிடக்கும். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் அதிர்ச்சிதான் என்றால் பல பறவைகள் தெளிந்து பறந்துவிடும்.

முதுகெலும்பு முறிந்த விலங்கின் நிலை வேறு. பின்னங்கால் விரலை மருத்துவர் இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். கால் அனிச்சையாக உள்ளே இழுத்துக்கொள்வது கணக்கில் வராது. நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் சோதனை. எலும்பு முறிந்து, அந்த ஆழ்ந்த உணர்வும் போய்விட்டிருந்தால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குடல் வெளியே வந்து மண்ணில் புரண்டிருப்பது, தாடையும் மண்டையும் நொறுங்கியிருப்பது, காட்டுப் பறவைக்கு இறக்கை மூட்டிலேயே எலும்பு தூளாகியிருப்பது, இவையெல்லாம் மருத்துவர்களே பெரும்பாலும் "விட்டுவிடலாம்" என்று சொல்லும் நிலைகள். வீட்டு நாய் மூன்று காலில் வாழலாம். காட்டில் இரை தேட வேண்டிய பருந்து ஒற்றை இறக்கையோடு வாழ முடியாது.

இந்த வேறுபாட்டைச் சாலையோரத்தில் நின்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை, தெரிந்தவர் கண்ணில் அந்த விலங்கைக் காட்டுவதுதான்.

ஊசி

எல்லா வழிகளிலும் மேலானது எது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை: பென்டோபார்பிட்டோன் என்ற மயக்க மருந்தை அளவுக்கு மேல் ரத்தநாளத்தில் செலுத்துவது. முதலில் மூளையின் மேற்பகுதி அடங்குகிறது, அதாவது நினைவு. அதற்குச் சில நொடிகள் போதும். அப்புறம் மூச்சு நிற்கிறது, அதற்கப்புறம் இதயம். நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில்கூட வேறெதுவும் வராது. வலியிலோ பயத்திலோ துடிக்கும் விலங்குக்குப் பல மருத்துவர்கள் முதலில் ஒரு மயக்க ஊசி போட்டு, அது அமைதியாகப் படுத்த பிறகே இதைப் போடுகிறார்கள். அவர்களாகச் செய்யாவிட்டால் நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கப் போகிறவர்கள் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கண் மூடாது. நினைவு போன பிறகு ஒன்றிரண்டு முறை பெரிதாக மூச்சு இழுப்பதுபோல் வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். இதைப் பார்த்துவிட்டு, "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டுப் போச்சு" என்று ஆண்டுக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்குபவர்கள் உண்டு. அப்போது அந்த நாய்க்கு எதுவும் தெரியாது. உடம்பு மட்டும்தான் அசைகிறது.

இந்த ஊசியை யாரிடம் போய்ப் போடச் சொல்வது? சொந்த நாய், பூனை என்றால் வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் நல்லது. அவருக்கு விலங்கைத் தெரியும், அதற்கும் அவர் மணம் தெரியும். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசர மருத்துவமனைகளில் கட்டணம் கூடுதலாக இருக்கும். கையில் அவ்வளவு இல்லை என்றால் வெட்கப்படாமல் வாசலிலேயே சொல்லுங்கள்: "சிகிச்சைக்கு எங்களால் முடியாது, வேதனையை மட்டும் நிறுத்திக் கொடுங்கள்." பணத்துக்குப் பயந்து விலங்கை வீட்டிலேயே வைத்துக்கொண்டு காலை வரை காத்திருப்பதைவிட இந்த ஒரு வாக்கியம் எவ்வளவோ மேல்.

தெருவில் கிடப்பது, யாருடையது என்றே தெரியாதது என்றால் எஸ்.பி.சி.ஏ. எனும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம். டர்பனில் அது ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது. நம் ஆட்களில் பலர் எஸ்.பி.சி.ஏ. என்றாலே "கொண்டு போனா கொன்னுடுவாங்க" என்று ஒதுங்குகிறார்கள். அடிபட்ட விலங்கைப் பொறுத்தவரை இந்தப் பயம் நியாயமில்லை. அங்கே போனால் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள், முடியாது என்றால் பயிற்சி பெற்றவர் சரியான மருந்தால் முடித்து வைப்பார். தனியார் மருத்துவரோடு ஒப்பிட்டால் அங்கே ஒரே குறை நேரம். ஒரு வண்டி, பல அழைப்புகள், அதனால் காத்திருக்க நேரலாம். உங்களால் விலங்கைப் பத்திரமாக ஏற்ற முடிந்தால் நீங்களே கொண்டு போய்விடுவது அந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

குரங்கு, மான், பருந்து, ஆமை போன்ற காட்டு உயிர்களுக்கு யெல்லோவுட் பார்க்கில் க்ரோ என்ற மறுவாழ்வு மையம் 1977 முதல் நடக்கிறது. காட்டு விலங்கை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்து வளர்க்க முடியாது, அனுமதி கொடுப்பது எஸெம்வேலோ என்ற மாகாண வனவிலங்குத் துறை. ஆகவே, "நானே வச்சுப் பார்த்துக்கிறேன்" என்ற நல்லெண்ணம் சட்டப்படியும் சரிவராது, குரங்குக்கும் நல்லதில்லை. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெர்வெட் குரங்குகள் குட்டி போடும் காலம். அடிபட்ட தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி உயிரோடு இருக்கலாம். அதைப் பிய்த்து எடுக்கப் போகாதீர்கள், கூட்டம் பாய்ந்து வரும். பார்த்ததை அழைப்பில் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்குப் பின்னால் ஒரு பொறுப்பும் வருகிறது. அந்த மருந்து செத்த உடம்பிலேயே தங்கிவிடும். திறந்த வெளியில் போட்டால் அதைத் தின்னும் நாயும் நரியும் கழுகும் சாகும். நம் மாகாணமான குவாசுலு-நடாலில் கழுகுகள் ஏற்கெனவே விஷத்தால் குறைந்துகொண்டு வருகின்றன. எரிக்க வேண்டும், இல்லையென்றால் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

"தானாகப் போகட்டும்"

நம் வீடுகளில் அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் வழி இதுதான். ஆனால் இதை யாரும் ஒரு வழி என்று நினைப்பதில்லை. எதுவும் செய்யாமல் விட்டதாகவே நினைக்கிறார்கள். நிழலில் படுக்க வைத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, திருநீறு பூசி, உள்ளே போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் அந்த விலங்கின் பக்கமிருந்து பாருங்கள். உள்ளே ரத்தம் கசிந்து சாவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். சிறுநீர்ப்பை கிழிந்திருந்தால் நாள்கணக்காகும். வெயில் காலத்து டர்பனில் திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வந்துவிடும். எறும்பு வரும். இதெல்லாம் நினைவோடு இருக்கும்போதே நடக்கும். மிருகங்கள் வலியை மறைக்கும் பழக்கம் உடையவை, பலவீனத்தைக் காட்டினால் வேட்டையாடப்படும் என்பதால் வந்த பழக்கம் அது. அமைதியாகப் படுத்திருக்கும் பூனை நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

பாவம் என்ற தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லாமையை இவ்வளவு உயர்த்திப் பிடித்த மரபில் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. இனாண்டாவுக்குப் பக்கத்தில், 1904இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவியவரையே எடுத்துக்கொள்வோம். அகிம்சைக்கு அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. 1928இல் காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி உடல் நலிந்து, எழ முடியாமல், பெரும் வேதனையில் கிடந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காந்தி ஆசிரமத்தில் இருந்தவர்களோடு பேசினார். எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் ஒரு மருத்துவரை வரவழைத்து, தன் கண் முன்னாலேயே ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நாடு முழுவதிலுமிருந்து கோபமான கடிதங்கள் குவிந்தன. பசுவின் கன்று ஆயிற்றே! அவர் பின்வாங்கவில்லை. தன் பத்திரிகையில் காரணத்தை விளக்கி எழுதினார். தன் நலனுக்காகவோ கோபத்தாலோ ஒரு உயிரை எடுப்பது இம்சை, அந்த உயிரின் வேதனையை நீக்க வேறு வழியே இல்லாதபோது அதற்காகவே செய்வது அப்படி ஆகாது என்பது அவர் வாதம்.

அவர் செய்ததாலேயே அது சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் செய்த வரிசையைப் பாருங்கள்: முதலில் மருத்துவரிடம் கேட்டது, காப்பாற்ற வழியில்லை என்று உறுதி செய்துகொண்டது, தெரிந்தவர் கையால் சரியான மருந்து, தானும் பக்கத்தில் நின்றது. பாவத்துக்குப் பயந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைவிட இது எனக்கு அறமாகத் தெரிகிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1962ஆம் ஆண்டு 71ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, காயப்பட்ட தன் விலங்குக்குத் தன்னால் தேடிக் கொடுக்க முடிந்த மருத்துவ உதவியைக் கொடுக்காத உரிமையாளர் குற்றம் செய்கிறார். 1996ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிறருடைய விலங்கின் மேல் மோதினாலும் வண்டியை நிறுத்தச் சொல்கிறது. கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பதற்கு அங்கே இடமில்லை.

வயதான விலங்கை வீட்டிலேயே வைத்து, வலி மருந்து கொடுத்து, கடைசி நாள்களைப் பார்த்துக்கொள்வது என்று ஒன்று உண்டு. அது வேறு. மருத்துவர் மேற்பார்வையில், வலி அடங்கியிருக்கும்வரை, அதில் தவறே இல்லை. நொறுங்கிய உடம்பை மருந்தில்லாமல் விட்டுவைப்பதை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது.

துப்பாக்கி

மாடு, குதிரை என்று வரும்போது கணக்கு மாறுகிறது. நெடுஞ்சாலையில் கால் முறிந்து கிடக்கும் எருதைத் தூக்கி எங்கும் கொண்டு போக முடியாது. ஊசி போடலாம், ஆனால் அவ்வளவு பெரிய உடம்புக்கு நிறைய மருந்து வேண்டும், இறைச்சியும் யாருக்கும் ஆகாது, புதைக்கும் வேலையும் பெரிது. பழகிய கையால் மூளையில் சரியாகப் பாயும் ஒரு குண்டு அந்த நொடியிலேயே நினைவை நிறுத்திவிடும். பார்ப்பவர்களுக்குத்தான் அது கொடுமையாகத் தெரியும். நம் அளவுகோலில் அது ஊசிக்குச் சமம், சில நேரம் ஊசியைவிட வேகமானதும்கூட.

எல்லாமே "பழகிய கை" என்ற இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. மாட்டின் மூளை பெரும்பாலோர் நினைப்பதைவிட மேலே இருக்கிறது. இரண்டு கண்ணுக்கு நடுவே சுட்டால் மூக்கெலும்புக் குழியில் பாய்ந்து, விலங்கு நினைவோடு முகம் சிதறி நிற்கும். அப்புறம், குடியிருப்புப் பகுதியில் தக்க காரணமில்லாமல் துப்பாக்கி சுடுவதே குற்றம். எனவே இது போலீசும், கால்நடை மருத்துவரும், எஸ்.பி.சி.ஏ. ஆய்வாளரும் செய்ய வேண்டிய வேலை. நாம் செய்யக்கூடியது அவர்களை அழைப்பதும், அதுவரை கூட்டத்தையும் வண்டிகளையும் தள்ளி வைப்பதும், விலங்கின் தலையைத் துணியால் மூடி வெளிச்சத்தைக் குறைப்பதும்.

இறைச்சிக்கூடத்தில் பயன்படுத்தும், குண்டுக்குப் பதில் இரும்புமுனை பாய்ந்து தலையில் அடிக்கும் அடிமுனைத் துப்பாக்கியும் பழகிய கைக்குத்தான். அது விலங்கை மயக்கித் தள்ளும். உடனே கழுத்து ரத்தத்தை வடிய விட்டால்தான் சாவு உறுதி. பாதி வேலையோடு நிறுத்தினால் விலங்குக்கு நினைவு திரும்பலாம்.

சொந்தக் கையால்

மருத்துவர் தூரம், வண்டி இல்லை, கையில் இருப்பது ஒரு கோழி அல்லது பூனை கடித்துப் பாதி கிழித்த ஒரு எலி. இந்த நிலையில் மட்டும் இந்தப் பேச்சு. நாய்க்கும் பூனைக்கும் குரங்குக்கும் இது பொருந்தவே பொருந்தாது.

கோழி போன்ற சிறிய பறவைக்குக் கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்குவது வேகமான வழி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும் பயிற்சி பெற்றவர் சிறிய பறவைகளுக்கு இதைச் செய்யலாம் என்று நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. கழுத்தைச் சுற்றித் திருகுவதும் இதுவும் ஒன்றல்ல, திருகினால் மூச்சு முட்டித்தான் சாகும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கோழி பிடித்துப் பழகிய பெரியவர் தெருவில் யாராவது இருப்பார். நடுங்கும் நம் கையைவிட அவர் கை நல்லது. தாத்தாவைக் கூப்பிடுங்கள், நீங்கள் பறவையை அமைதியாகப் பிடித்துக்கொடுங்கள்.

எலிக்கு, கடினமான தரையில் வைத்துத் தலையில் ஓங்கி ஒரே அடி. எழுதவே கை கூசுகிறது. ஆனால் பசைப்பொறியில் ஒட்டிக்கொண்ட எலியை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டு மூடுகிறோமே, அது ஒன்றிரண்டு நாள் தாகத்தில் சாகிறது. அதோடு ஒப்பிட்டால் இந்த ஒரு அடி இரக்கம். என்னைக் கேட்டால் பசைப்பொறியையே வாங்காதீர்கள்.

இந்த வழிகளில் உள்ள பலவீனம் செய்பவரின் மனம். பாதியில் கை தளர்ந்தால் வேதனை இரண்டு மடங்காகும். "என்னால் முடியுமா?" என்ற கேள்விக்கு உள்ளிருந்து தெளிவாக "முடியும்" என்று வராவிட்டால் பெட்டியில் வைத்து, இருட்டாக்கி, எவ்வளவு தூரமானாலும் மருத்துவரிடமே கொண்டு போங்கள்.

பாம்பை யாரும் தொட வேண்டாம். வண்டி ஏறிய மாம்பாவும் பஃப் ஆடரும் கடிக்கும், வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். ஊர்வனவற்றின் மூளை ரத்த ஓட்டம் நின்ற பிறகும் நீண்ட நேரம் உயிரோடிருப்பதால் தலையை வெட்டுவது அதன் வேதனையையும் உடனே நிறுத்தாது. பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். தொட்டி மீனுக்குக் கிராம்பு எண்ணெய் கலந்த நீர் மயக்கம் தரும், மயங்கிய பின் இன்னொரு முறையால் சாவை உறுதி செய்ய வேண்டும்.

கூடவே கூடாதவை

தண்ணீரில் முக்குவது. புதிதாகப் பிறந்த பூனைக்குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி ஓடையில் விடும் பழக்கம் நம் பக்கத்திலும் இருந்தது. மூழ்கும் உயிர் நிமிடக்கணக்கில் நினைவோடு போராடும்.

உறைபெட்டியில் வைப்பது. "தூங்கிப் போயிடும்" என்று இணையத்தில் எழுதுகிறார்கள். தோலிலும் தசையிலும் பனிப்படிகம் உருவாவது வலிக்கும். ஊர்வனவற்றுக்கும் அது ஆகாது.

வண்டிப் புகை. சுத்தமான கார்பன் மோனாக்சைடு வேறு, சூடும் எரிச்சலூட்டும் வாயுக்களும் கலந்து வரும் புகை வேறு. அந்த விலங்கு சுடும் காற்றை இழுத்து இருமிக்கொண்டே சாகும். வீட்டில் சோடா உப்பும் வினிகரும் கலந்து கார்பன் டை ஆக்சைடு தயாரிக்கும் முறையையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அந்த வாயு மூக்கின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எரியும், மூச்சு முட்டும் பீதியையும் உண்டாக்கும். வாயு சேரும் வேகத்தையும் அளவையும் கட்டுப்படுத்தும் கருவி வைத்துச் செய்தாலே அது நிபந்தனையோடுதான் ஏற்கப்படுகிறது. வாளியும் மூடியும் அந்தக் கருவி ஆகாது.

மாத்திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசோடு செய்யப்படும் கொடுமை இதுதான். வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைப் பொடித்துப் பூனைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மணிக்கணக்கில் திணறிச் சாகும். மனிதர்களின் தூக்க மாத்திரையை நாய்க்குக் கொடுத்தால் பெரும்பாலும் வாந்தி, தள்ளாட்டம், கலக்கம். சாவுக்குப் பதிலாகக் கூடுதல் வேதனைதான் மிஞ்சும்.

எலி விஷமும் "டூ ஸ்டெப்"பும். டூ ஸ்டெப் என்று தெருவில் விற்றது ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து, 2012இல் தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டது. திருடர்கள் காவல் நாய்க்கு இறைச்சியில் வைத்துக் கொடுத்ததால் நம் வீடுகளுக்கு அதன் பெயர் நன்றாகத் தெரியும். எச்சில் ஒழுகி, உடம்பு முழுக்க உதறி, வலிப்பு வந்து, மூச்சுத் தசைகள் செயலிழந்து சாகும் சாவு அது. "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்ற நம்பிக்கையில் அதைத் தேடிப் போகிறவர்கள், திருடன் செய்ததையே தங்கள் செல்லத்துக்குச் செய்கிறார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது இருப்பதே ஆபத்து.

தொடுவதற்கு முன்னால்

குவாசுலு-நடாலில் வெறிநாய்க்கடி இன்றும் உண்டு. 1970களின் நடுவில் மறுபடி நுழைந்த நோய் முற்றிலும் போகவில்லை. நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். எதிரே கிடக்கும் நாய்க்குப் போட்டிருக்கிறார்களா என்று உங்களுக்குத் தெரியாது. வலியில் இருக்கும் விலங்கு சொந்த வீட்டுக்காரரையே கடிக்கும், அதில் அதன் குற்றம் எதுவும் இல்லை. தடித்த போர்வையைப் போட்டுப் பிடியுங்கள். மூச்சுத் திணறல் இல்லாத நாய்க்கு ஒரு டையோ பழைய புடவைக் கிழிசலோ வாயைச் சுற்றிக் கட்டலாம். பலகையின் மேல் நழுவவிட்டு ஏற்றுங்கள், முதுகு வளையாமல் இருக்கட்டும்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், எச்சில் திறந்த காயத்தில் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து மீள்பவர் கிட்டத்தட்ட யாரும் இல்லை.

இங்கே முறையைத் தேர்ந்தெடுப்பதும் மாறுகிறது. வெறிநோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தலையில் சுடுவதோ அடிப்பதோ கூடாது. நோயைச் சோதிப்பது மூளையில்தான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஆலர்டன் ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அது சிதையாமல் போக வேண்டும். கடிபட்ட ஒரு பிள்ளையின் சிகிச்சைக்கு அந்த முடிவு முக்கியமாகலாம். ஆகவே சந்தேகமுள்ள விலங்குக்கு ஊசி மட்டும்தான், அதுவும் அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு.

செத்துவிட்டதா?

எந்த வழியில் முடித்தாலும் இதை உறுதி செய்யாமல் மண்ணைத் தள்ளாதீர்கள். மூச்சு நின்றது போதாது. நெஞ்சில் கை வைத்துப் பல நிமிடம் துடிப்பில்லை என்று பாருங்கள். கண்ணின் கருவிழியை மெல்லத் தொட்டால் இமை அசையக்கூடாது. மருத்துவர் இருந்தால் காதுக்குழல் வைத்துச் சொல்வார். நம் கையால் செய்த சிறு உயிர் என்றால் உடம்பு விறைக்கும்வரை காத்திருப்பதுதான் பத்திரம். அதற்குப் பிறகு புதைக்கலாம். ஊசி போட்டதை ஆழமாக, நாய் தோண்ட முடியாத அளவுக்கு, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி.